நாலு மாசமா எழுதாம விட்ட கடிதம்

டேய் மாப்ள,

நல்லா இருக்கியா? அம்மாவோட கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு நெட்டையன் சொன்னான், சந்தோஷம். நாலு மாசமா நீயும் பேசல நானும் பேசல, யாரு முதல்ல இறங்கி வர்றதுன்னு பாத்துட்டு இருந்தா அடுத்த தேர்தலே வந்துரும், அதான் நானே எழுதறேன். சண்டை போட இல்ல, முழுசா படி.

அன்னைக்கு ராத்திரி எங்க ஆரம்பிச்சோம்னு ஞாபகம் இருக்கா? அந்தக் கோர சம்பவத்துல செத்தவங்க கணக்கே அப்ப முடியல. உங்க கட்சித் தலைவரு, அதான் உங்க ஆளு, மூணாவது நாள் அங்க போய் கண்ணு கலங்குன வீடியோவ நீ அனுப்புன, நான் "நடிப்பு"ன்னு ஒரே வார்த்தைல பதில் போட்டேன். முன்னாடியே போயிருந்தா மீட்பு வேலைக்கு இடைஞ்சல், போலீஸ் மொத்தமும் அவரு பின்னாடி நிக்கணும்னு நீ சொன்ன, மனசாட்சி இல்லாம சப்பைக்கட்டு கட்டாதன்னு நான் திட்டுனேன். போன வாரம் பழைய மெசேஜ் எல்லாம் மேல தள்ளிப் பாத்துட்டு இருந்தேன்டா. ஆறு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு சம்பவத்துக்கு எங்க கட்சி ஆளு லேட்டா போனப்போ நான் உனக்கு எழுதியிருக்கேன், இடைஞ்சல், போலீஸ், மீட்பு வேலை, எல்லாம் அப்படியே அதே வாசகம். அதுக்கு நீ போட்ட பதில் "சப்பைக்கட்டு". ரெண்டு பேரும் வசனத்த மாத்திக்கிட்டிருக்கோம், ரெண்டு பேருக்குமே அது தெரியல. அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

அதுல இருந்து இதையே தேடித் தேடிப் படிக்கறேன். அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துக் கதையக் கேளு. 2005 ஆகஸ்ட் 29 கத்ரீனா புயல், அங்க நியூ ஆர்லியன்ஸ் நகரம் முழுகிக் கிடக்கு, ரெண்டு நாள் கழிச்சு அப்ப அதிபரா இருந்த புஷ் அந்தப் பக்கமா பறந்து போறப்போ விமான ஜன்னல்ல இருந்து கீழ பாக்கற ஒரு போட்டோ வந்துச்சு, கடைசி வரைக்கும் அது அவர விடவே இல்ல. 11 வருஷம் கழிச்சு, 2016 ஆகஸ்ட், அதே மாநிலத்துல பெரிய வெள்ளம், இப்ப அதிபர் ஒபாமா, வேற கட்சி, லீவுல இருக்காரு. உடனே அப்படியே தலைகீழ், அன்னைக்கு புஷ்ஷுக்கு முட்டுக் குடுத்த கட்சி ஏன் வரலன்னு கேக்குது, அன்னைக்கு கிழிச்ச கட்சி பொறுமையா இருங்கன்னுது. இத்தனைக்கும் அந்த ஊர் கவர்னரே, அவரும் ஒபாமா கட்சிதான், இப்பவே வந்தா போலீஸ் எல்லாம் அந்த வேலைக்குப் போயிரும், கொஞ்ச நாள் கழிச்சு வரட்டும்னுதான் சொன்னாரு.

இதுக்கு நடுவுல 2013-ல ஒரு சர்வே. லூசியானாவுல இருக்கற குடியரசுக் கட்சி, அதான் புஷ் கட்சி, வாக்காளர்கள் கிட்ட, கத்ரீனாவுல நடந்த சொதப்பலுக்கு யாரு அதிகப் பொறுப்புன்னு கேட்டிருக்காங்க. புஷ்னு 28 சதவீதம், ஒபாமான்னு 29 சதவீதம், தெரியலன்னு 44 சதவீதம். 2005-ல ஒபாமா அப்பத்தான் உள்ள வந்த ஒரு செனட்டர்டா! படிச்சப்போ எனக்கு சிரிப்பு வரல மாப்ள, பயமா இருந்துச்சு, நான் அங்க பொறந்திருந்தா அந்த 29-க்குள்ளதான் இருந்திருப்பேன்.

யாரு எத்தனை மணிக்கு போனாங்க, என்ன சட்டை போட்டிருந்தாங்கன்னு பாக்கறதை விட்டுட்டேன். பின்னாடி என்ன செஞ்சாங்க, அதுவும் சொந்த ஆளுங்க கிட்டயே கெட்ட பேரு வாங்கிக்கிட்டு செஞ்சாங்களான்னு பாக்கறேன். ஆஸ்திரேலியாவுல 1996 ஏப்ரல் 28, போர்ட் ஆர்தர்ல ஒருத்தன் 35 பேர சுட்டுக் கொன்னான். ஜான் ஹோவர்ட் பிரதமராகி அப்ப ரெண்டு மாசம் கூட ஆகல, துப்பாக்கி வச்சிருக்கற கிராமத்து ஓட்டெல்லாம் அவரு கூட்டணி ஓட்டு. 12 நாள்ல எல்லா மாநிலத்தையும் உக்கார வச்சு ஒப்பந்தம் போட்டு, 6 லட்சத்துக்கும் மேல துப்பாக்கிய வாங்கி அழிச்சாரு. கோபமா இருந்த கூட்டத்துக்கு முன்னாடி குண்டு துளைக்காத சட்டைய உள்ள போட்டுக்கிட்டுப் போய் பேசினாரு, எதிர்க்கட்சியும் கூட நின்னுச்சு. அவரோட மத்த கொள்கை எதுவும் எனக்கு ஆகாது, ஆனா இதுக்கு எழுந்து நின்னு கை தட்டுவேன்.

நார்வேல 2011 ஜூலை 22-ல ஒருத்தன் குண்டு வச்சும் சுட்டும் 77 பேர கொன்னப்போ, பதிலுக்கு இன்னும் அதிக ஜனநாயகம்தான்னு அப்ப பிரதமரா இருந்த ஸ்டோல்டன்பெர்க் பேசினது உனக்கும் பிடிச்சிருந்துச்சு. அடுத்த வருஷம் அவரு அரசாங்கம் போட்ட கமிஷனே, அந்த குண்டு வெடிப்ப தடுத்திருக்கலாம், போலீஸ் இன்னும் சீக்கிரம் அவனப் பிடிச்சிருக்கலாம்னு எழுதுச்சு. பேச்சும் நல்ல பேச்சு, கோட்டை விட்டதும் நெசம். நாம ஒரு தடவையாவது நம்ம ஆளப் பத்தி இப்படி பேசியிருக்கமாடா?

இப்ப சொல்ல வந்தத சொல்லிடறேன். 2014-ல தென் கொரியாவுல செவோல்ங்கற பயணிகள் கப்பல் முழுகி 304 பேர் போனாங்க, பாதிக்கு மேல பள்ளிக்கூடப் பசங்க. பெத்தவங்க நியாயம் கேட்டு சியோல்ல உண்ணாவிரதம் இருந்த எடத்துலயே ஒரு கும்பல் பீட்சாவ கொண்டு வந்து தின்னு காட்டுச்சு. அவங்க அரசாங்கத்த கேள்வி கேட்டாங்கன்னு அத்தனை வெறுப்பு. ச்சீ என்ன மனுஷங்கன்னு நினைச்ச நிமிஷத்துல, நான் உனக்கு கடைசியா அனுப்புன மெசேஜ் ஞாபகம் வந்துச்சு. புள்ளைய பறிகொடுத்த அந்தம்மா உங்க ஆளு கையப் பிடிச்சுட்டு அழுதாங்களே, "எவ்வளவு குடுத்து கூட்டிட்டு வந்தாங்க"ன்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான நீ பதிலே போடல.

அதுக்கு மன்னிச்சுருடா. அந்தம்மா கிட்ட கேக்க முடியாது, உன் கிட்டதான் கேக்க முடியும்.

உங்க ஆளு மேல இருக்கற கேள்விய விடல, விசாரணை அறிக்கை எங்கன்னு கேட்டுட்டேதான் இருப்பேன், எங்க ஆளு காலத்து அறிக்கை எங்கன்னு நீயும் கேளு. ஞாயித்துக்கிழமை காலைல போன் பண்றேன், எடு. நெட்டையன் கிட்ட மட்டும் இந்தக் கடிதத்த காட்டாத, அவன்தான் சமாதானம் பண்ணி வச்சான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவான்.

உன்,
பின் பெஞ்சு பார்ட்னர்