ஆறு விசில் ஊரிலிருந்து

லா பாஸ், பொலிவியா, ஜூலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். போனில் எனக்கு மூச்சு வாங்கியதைக் கேட்டு நீ ராத்திரி தூங்கவில்லை என்று தங்கச்சி சொன்னாள். படியேறிக்கொண்டே பேசினேன், வேறொன்றும் இல்லை. நம் தூத்துக்குடி கடல் மட்டத்தில் இருக்கிறது. இந்த ஊரோ சுமார் 3,600 மீட்டர் உயரத்தில். ஊட்டியைவிட இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல். காற்றில் ஆக்சிஜன் பங்கு அங்கே போல இங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் நம்மூரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைவு.

அடுக்களையில்தான் இது நன்றாகத் தெரிகிறது. தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று நம்பி முதல் வாரம் பானையில் சோறு வடித்தேன். அரிசி நடுவில் விறைப்பாகவே நின்றது. அப்புறம் நீ கொடுத்தனுப்பிய குக்கர்தான் என்னைக் காப்பாற்றியது. துவரம்பருப்புக்கு அங்கே மூணு விசில், இங்கே ஆறு.

வெயிலும் வேறு மாதிரி. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுமாம். உச்சி வெயில் தோலைச் சுடும், இரண்டடி நகர்ந்து நிழலில் நின்றால் ஸ்வெட்டர் வேண்டும். வெப்பத்தைப் பிடித்துவைக்க இந்த மெல்லிய காற்றுக்குத் தெம்பில்லை. இது இங்கே குளிர்காலம் வேறு. பொழுது சாய்ந்தால் விரல் விறைத்துப்போகிறது.

நீயும் அப்பாவும் வருவதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். நேராக இங்கே இறங்க வேண்டாம். விமான நிலையம் மேலே எல் ஆல்டோவில், 4,000 மீட்டரைத் தாண்டி இருக்கிறது. இறங்கியதுமே சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். இங்கே அதைச் 'சொரோச்சே' என்கிறார்கள். முதலில் சாந்தா குரூஸில் இறங்குங்கள், அது 400 மீட்டர்தான். நான் அங்கே வந்துவிடுகிறேன். பிறகு 2,500 மீட்டரில் இருக்கும் கொச்சபாம்பாவில் நாலைந்து நாள் தங்கிவிட்டு மெதுவாக ஏறுவோம். உடம்பு பழகிக் கூடுதல் சிவப்பணு உண்டாக்கச் சில வாரம் ஆகும். அதுவரை அப்பா வேகமாக நடக்கக் கூடாது.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போ. பிரஷர் மாத்திரையைச் சொல்லி, இந்த உயரத்துக்குப் போகலாமா என்று கேள். அவர் வேண்டாம் என்றால் டிசம்பரில் நானே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மகன்