பறக்கும் நேரத்தையும் டிக்கெட்டில் அச்சிடுங்கள்

உள்நாட்டு விமான நிறுவனங்களுக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும் சென்னை–மதுரை தடத்தில் போய்வரும் பயணி ஒருவரின் திறந்த மடல்.

வணக்கம்.

மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம் உயரே போனபின் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் குறைகிற வேகத்தைக் கழித்தாலும், ஓடுபாதையை விட்டு எழும்பி மறுபடி தரை தொட 50 நிமிடம் போல ஆகும். நீங்கள் தரும் டிக்கெட்டிலோ பயண நேரம் ஒன்றேகால் மணி என்று இருக்கிறது. இடையிலுள்ள நேரத்துக்கு நீங்கள் கணக்குச் சொல்வதில்லை.

அதில் ஒரு பங்கு நியாயமானதுதான். சென்னையில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்தது முதல் மதுரையில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரமே அட்டவணையில் வருகிறது. விமானத்தைப் பின்னால் தள்ளுவது, ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின் காத்திருப்பது எல்லாம் அதில் சேரும். வானத்திலும் நேர்க்கோடு வாய்ப்பதில்லை. மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வடக்கிலிருந்து வருகிற விமானம் எப்படியும் ஒரு வளைவு எடுத்துத்தான் இறங்க வேண்டும்.

இவற்றுக்கு மேல், தாமதத்தை ஈடுகட்ட அட்டவணையில் ஒட்டுப்போடும் நிமிடங்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. இருபது நிமிடம் தாமதமாகப் புறப்பட்ட விமானம், 'குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தோம்' என்ற அறிவிப்போடு மதுரையில் நிற்கிறது. பயணிகளும் பெட்டியை இறக்கியபடியே மகிழ்ந்துபோகிறார்கள். தாம்பரத்துக்குத் தாமதமாக வந்த ரயிலை எழும்பூரில் நேரத்துக்குச் சேர்த்துவிடும் பழைய வித்தைதான் இது. ரயில்வே அட்டவணையிலாவது தாம்பரம் என்று ஓர் ஊர் இருக்கிறது, கண்டுபிடித்துவிடலாம். 15 நிமிடம் வரையான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாத வழக்கமும் உங்களுக்கு ஏற்கெனவே கை கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நேரம் தவறாமைப் பட்டியலில் யார்தான் தோற்பார்கள்?

கூடுதல் நிமிடங்களை எடுத்துவிடச் சொல்லவில்லை. விமானியை அவசரப்படுத்தும் அட்டவணை எந்தப் பயணிக்கும் வேண்டாம். அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவருக்கு அந்த இடைவெளி உதவும். அதை மறைக்காதீர்கள் என்கிறேன். மொத்தப் பயண நேரத்துக்குக் கீழே, வழக்கமாக வானில் பறக்கும் நேரம் இவ்வளவு என்று ஒரு வரி போதும். ஒவ்வொரு விமானமும் எழும்பிய, இறங்கிய நேரங்கள் உங்களிடம் பதிவாகத்தான் இருக்கின்றன. இயக்குநரகம் விரும்பினால், அந்தச் சராசரியோடு அட்டவணையை ஒப்பிட்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடலாம்.

விமான வகையையும் கண்ணில் படும் எழுத்தில் போடுங்கள். இதே தடத்தில் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானமும் பறக்கிறது; அதன் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர்தான். கால் மணி நேரம் கூடுதலாகும். இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் கீழே ஊர் மறைக்காமல் தெரியும் என்பது வேறு விஷயம். எனக்கு அது பிடிக்கும். மதுரையில் இறங்கி ராமநாதபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் அந்தக் கால் மணியைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
சென்னை–மதுரை பயணி ஒருவர்