பாண்டிக்கு, கோவில்பட்டியிலிருந்து

மாப்ளே பாண்டி,

இங்கே நலம். அங்கே அம்மா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? நான் போனை எடுப்பதில்லை என்று சித்தப்புவிடம் ஒப்பாரி வைத்தாயாம். எடுத்தால் நீ அழுவாய், அப்புறம் நான்தான் உன்னைத் தேற்ற வேண்டும். அதற்குத் தெம்பில்லை. அதனால்தான் கடிதம். கையெழுத்தைப் பார்த்துக் கோழி கிளறியது என்று சொல்லாதே, நம் தமிழய்யா ஏற்கனவே சொல்லிவிட்டார்.

என் மகனுக்கு வந்திருக்கிற டுஷென் தசைச்சிதைவு, அதான் சதை நாளுக்கு நாள் வலுவிழக்கிற நோய், அதற்கு என்று நீ அனுப்பிய அந்த ஸ்டெம்செல் ஊசி வீடியோ வந்தது. உனக்கு முன்னாலேயே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். கோபமில்லைடா, ஆனால் இனி அனுப்பாதே. மதுரைக் கூட்டத்துக்கு உசிலம்பட்டிக்காரர் ஒருவர் வருகிறார். நிலத்தை விற்று மகனுக்கு அந்த ஊசியைப் போட்டவர். பையனுக்கு ஒன்றும் மாறவில்லை, நிலம்தான் போனது. புதிதாக வருகிற ஒவ்வொரு அப்பாவையும் ஓரமாகக் கூட்டிப்போய் இதை அவரே சொல்லிவிடுகிறார், கொஞ்சமும் கூச்சப்படாமல். ஆராய்ச்சிக்காக அல்லாமல் இந்த நோய்க்கு ஸ்டெம்செல்லைச் சிகிச்சை என்று காசுக்கு விற்கக்கூடாது என்று மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். 2017-லேயே வழிகாட்டி போட்டிருக்கிறது. இதையேதான் டாக்டரும் சொன்னார். அவர் சொன்னபோது எனக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. நிலத்தை விற்றவர் சொன்ன பிறகு இல்லை.

என்ன கூட்டம் என்று கேட்பாய். எல்லாம் நம்மைப் போன்ற வீடுகள்தான். டுஷென் தசைச்சிதைவு வந்த பையன்களின் அப்பா அம்மாக்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் கூடுகிறோம். முன்பு கல்யாண மண்டபத்தில் கூடினார்களாம். வாசலில் ஒன்பது படி, பையன்களைத் தூக்கித் தூக்கி அப்பாக்களுக்கு இடுப்பு போய்விட்டது. இங்கே போனதும் முதல் கேள்வி, "உங்களுக்கு எந்த எக்ஸான்?" ஊர் எது என்று விசாரிக்கிற மாதிரி. இந்த நோய்க்குக் காரணமான ஜீனில் எக்ஸான் என்று 79 துண்டு இருக்கிறது, அதில் எது விடுபட்டிருக்கிறது என்று எம்.எல்.பி.ஏ. என்ற ஜீன் டெஸ்டில் தெரியும். உன் மருமகனுக்கு 48 முதல் 50 வரை இல்லை. அருப்புக்கோட்டைக்காரர் மகனுக்கும் அதே 48-50. அன்றிலிருந்து என்னைப் "பங்காளி" என்றுதான் கூப்பிடுகிறார்.

நினைவிருக்கிறதா, அவனுடைய கெண்டைக்காலைப் பார்த்து "பயில்வான் கால்டா" என்று நீயே தட்டிக்கொடுத்தாய். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பூரித்தோம். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை வைத்து ஏறி ஏறி எழுந்ததைச் சோம்பல் என்றோம். இரண்டும் இந்த நோயின் அடையாளம் என்று அப்போது தெரியவில்லை. ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற என்சைம் ஏறியிருக்கிறது என்று ஒரு டாக்டர் ஈரலுக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார். அந்த என்சைம் சதையிலிருந்தும் வரும், சதை சேதத்தைக் காட்டுகிற சி.கே. டெஸ்ட் ஒன்று பார்த்திருந்தால் அன்றைக்கே ஆயிரக்கணக்கில் காட்டியிருக்கும். கூட்டத்தில் கேட்டால் பாதிப் பேர் வீட்டில் இதே ஈரல் கதை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். முதல் நாள் எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இப்போது நானும் சிரிக்கிறேன்.

உன் தங்கச்சி பாடுதான் பாடு. மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்று பெரியப்பா ஆரம்பித்தார், ஊரே பிடித்துக்கொண்டது. இந்த நோய்க்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தமே இல்லை. எக்ஸ் குரோமோசோமில் வருவது, பையனுக்கு அந்த எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். வெளியில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். அதைச் சொன்னதும் எங்கள் ஆத்தா, "அப்போ இவகிட்ட இருந்துதானே வந்திருக்கு" என்று திரும்பிக்கொண்டாள். எந்தப் பக்கம் போனாலும் அடி அவளுக்குத்தான். மூன்றில் ஒரு பையனுக்குத் தாயிடம் இல்லாமலே புதிதாக வருமாம். அந்த ஒன்றாக நம் வீடு இருக்கக்கூடாதா என்று அவளும் வேண்டாத சாமியில்லை. டெஸ்டில் இவளுக்கும் அந்த ஜீன் கோளாறு இருக்கிறது என்று வந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை, பேச்சில்லை. நான் என்ன சொன்னாலும், "நீங்க சும்மா இருங்க."

ராஜபாளையத்து டீச்சரம்மா ஒருத்தர், அவருக்கும் இருக்கிறது, போன் செய்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லையாம். "உன் இருதயத்துக்கு எக்கோ எடுத்தியா? இந்த ஜீன் இருக்கிற பொம்பளைங்களுக்கும் இருதயம் பலவீனமாகலாம், யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாராம். அவ்வளவு நாளும் மகனைப் பற்றியே பேசிய உலகத்தில் இவளைப் பற்றிக் கேட்ட முதல் ஆள். மறுவாரம் எக்கோ எடுத்தோம், நன்றாக இருக்கிறது. கொழுந்தியாளுக்கு வரன் பார்க்கிறார்கள், அவளும் டெஸ்ட் எடுக்க வேண்டும். அதையும் அந்த டீச்சரம்மாதான் அவளிடம் பேசினார். நான் சொன்னால் வீடு இரண்டாகியிருக்கும்.

விருதுநகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர் எல்லாப் பையன்களுக்கும் ஒரு அட்டை லேமினேட் பண்ணிக் கொடுக்கிறார். புத்தகப் பையில் தொங்குகிறது. மயக்க ஊசி போடும்போது சக்சினைல்கோலின் என்ற மருந்து கூடாது, இந்த நோய்க்குச் சாப்பிடுகிற ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, கீழே அப்பா நம்பர். இரவில் திரும்பிப் படுக்க முடியாத பெரிய பையன்களுக்கு சாட்டின் விரிப்பு போட்டால் தாங்களே வழுக்கித் திரும்பிக்கொள்வார்கள் என்று சொன்னது ஒரு அம்மா. மாதாமாதம் வருகிற அரசு உதவித்தொகைக்கு எந்த அலுவலகத்தில் எந்த நாள் போனால் ஆள் இருப்பார் என்பதும் அங்கேதான் தெரியும். மாடியில் இருந்த வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லி நான் தனியாகப் போனபோது ஹெட்மாஸ்டர் பார்க்கலாம் என்றார். மூன்று அப்பாக்கள் சட்ட நகலோடு போனோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு பெயர் சொல்லியே இருக்கிறது. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

எல்லாம் நல்லதுதான் என்று எழுதினால் பொய். முதல் தடவை போனபோது பதினேழு வயசுப் பையன் ஒருவன், விரல் மட்டும்தான் அசைகிறது. உன் தங்கச்சி பார்த்துவிட்டு வெளியே போனவள் உள்ளே வரவேயில்லை. "இன்னும் பத்து வருஷத்தை ஒரே நாள்ல காட்டிட்டீங்களே" என்றாள் பஸ்ஸில். இன்னொருவர் வருகிறார், அவர் மகன் போய்ச் சேர்ந்துவிட்டான். இவர் மட்டும் வந்து நாற்காலி எடுத்துப் போடுகிறார், மகனுக்கு மூச்சுவிட உதவிய பைபாப் மெஷினை யாருக்கு வேண்டுமோ அவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைக்கிறார். அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு இன்னும் முடியவில்லை. இப்போது புது வீடுகளை நேரே கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. அதே வயதுப் பையன் இருக்கிற ஒரு குடும்பம் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருகிறது. இந்த ஏற்பாடு உன் தங்கச்சி சண்டை போட்டு வந்தது.

உன் மருமகன் என்ன செய்தான் தெரியுமா? அந்தப் பதினேழு வயசுக்காரனின் பேட்டரி சக்கர நாற்காலி பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அண்ணே, எவ்வளவு ஸ்பீடு போகும்? ரிவர்ஸ் இருக்கா?" அவன் ஒரு விரலால் வட்டமடித்துக் காட்டினான். வீட்டுக்கு வந்ததும் தனக்கும் வேண்டுமாம், சிவப்புக் கலரில். இன்னும் நடக்கிறான்டா, மெதுவாக, நுனிக்காலில். ஸ்டீராய்டில் கன்னம் உப்பி, ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா கேட்கிறான். அது உன் வம்சத்துப் புத்தி.

சரி, காரியத்துக்கு வருகிறேன். ஏதாவது செய்யணும், செய்யணும் என்கிறாயே, பட்டறையில் ஒரு சாய்தளம் அடித்துக்கொடு. எங்கள் வாசல் இரண்டு படி, மொத்தம் 14 அங்குல உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் கணக்கு, அப்படியானால் 14 அடி நீளம் வரும். தெருவுக்குள் போகாமல் முற்றத்தில் ஒரு மடக்கு மடக்க வேண்டும். அகலம் மூன்றடிக்குக் குறையாமல், இரண்டு பக்கமும் விளிம்பு, சக்கரம் வழுக்காத செக்கர் தகடு. மழை ஈரத்தில் துருப்பிடிக்காத பெயின்ட் அடி, நம் சைக்கிளுக்கு அடித்த பெயின்ட் வேண்டாம். கழற்றி மாட்டுகிற மாதிரி செய்ய முடியுமா என்று சொல். முடிந்தால் பங்காளிக்கும் ஒன்று வேண்டுமாம், அவர் வீட்டில் மூன்று படி, அளவு வாங்கி அனுப்புகிறேன். இரண்டுக்கும் சேர்த்து விலை போட்டு எழுது. ஓசி என்று சொன்னால் வேறு பட்டறையில் கொடுத்துவிடுவேன்.

உன்,
சண்முகம்