தாத்தாவின் திருவிருந்துப் புத்தகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். நான் சுகம். அம்மாவிடம் வீடியோ காலில் பேசிவிடுகிறேன். உங்களுக்குத்தான் போனில் பேசுவது காதில் சரியாக விழுவதில்லை. அதனால் இந்தக் கடிதம்.

இங்கே பிரிட்டனில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கோயிலுக்குப் போகிறேன். முப்பது பேர் வந்தால் பெரிய கூட்டம். நம்மூர்க் கோயில் விருந்தில், அதுதான் அசனத்தில், ஒரு பந்திக்கே அதற்கு மேல் உட்காருவார்கள். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முன் எல்லாரும் கைகுலுக்கிச் சமாதானம் சொல்கிறார்கள். "நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இந்தப் பழக்கமே கிடையாது, எங்கிருந்து வந்ததோ" என்றார் முன்வரிசைப் பாட்டி ஒருவர்.

எனக்குத் தெரியுமே! நம் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1950-இல் தனக்கென்று ஒரு திருவிருந்து முறைமை எழுதியபோது, கேரளத்துச் சிரியன் சபையாரைப் பார்த்துச் சமாதானம் சொல்வதையும் சேர்த்துக்கொண்டது. பிற்பாடு இங்கிலாந்துச் சபை வழிவந்த பல நாட்டு ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் ஆராதனையைத் திருத்தியபோது அந்த முறைமையைப் புரட்டிப் பார்த்தார்கள். பாட்டியின் வலது உள்ளங்கையோடு என் வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் மூடி, நம் முறைப்படி சொல்லிக் காட்டினேன். "உன் கை கதகதப்பாக இருக்கிறது" என்றவர் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

இந்தச் சமாதானப் பழக்கம் வந்த வழியைத்தான் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. தமிழ்ச் சான்றுகளை வாசகர்கள் சரிபார்க்க முடியாதாம். ஆங்கிலத்தில் அச்சானதைக் காட்ட வேண்டுமாம். ஜெர்மன் மேற்கோளுக்கு யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. "தமிழில் இறையியல் உண்டா?" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படித்துக் குருவானவர் ஆனவர்களைப் பற்றிச் சொன்னேன். மனிதர் அசந்துபோனார்.

புத்தகங்களில் நம் சபை வராமல் இல்லை. 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தது, அடுத்த வருஷம் உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகள் கூடிய லாம்பெத் மாநாட்டில் நம் புதுக் குருமாரை ஏற்பதில் அவர்கள் ஒருமனப்படாதது, எல்லாம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய வழக்காக நாம் வருகிறோம். யோசித்தவர்களாக வருவது அபூர்வம். கூடப் படிக்கும் கென்யாக்காரர் சிரிக்கிறார்: அவர்களுக்கு, கென்ய இறையியலாளர் ஜான் எம்பிட்டியாம். ஆப்பிரிக்கா என்றாலே அந்த ஒரு பெயரை அடிக்குறிப்பில் போட்டுக் கடமையை முடித்துவிடுகிறார்களாம்.

நம் பக்கத்து வெள்ளாளன்விளை அசரியா, பிற்பாடு பிஷப் ஆனவர், 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் நின்று, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டாரே, சின்ன வயதில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! இங்கே யாருக்கும் என்மேல் அன்பில்லை என்று சொல்ல முடியாது. டீ வாங்கித் தருகிறார்கள், பழைய கோட்டு தந்திருக்கிறார்கள். நான் எழுதியதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

சும்மா இருக்கவும் மனசில்லை. எங்கள் மாதக் கருத்தரங்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு நடக்கும். நம் ஊரில் அப்போது இரவு பத்தரை. யார் விழித்திருந்து கேட்பார்கள்? என் வழிகாட்டியிடம் பேசி மதியம் ஒரு மணிக்கு மாற்றியாயிற்று. இனி ஆறரைக்கு அங்கிருந்தும் இணையத்தில் சேரலாம். பொங்கல் கழிந்ததும் இரண்டு குருமார் தமிழில் பேசப்போகிறார்கள், நான்தான் மொழிபெயர்ப்பு. பயமாகத்தான் இருக்கிறது.

அப்புறம், ஒரு உதவி. தாத்தா உபதேசியாராக இருந்தபோது வைத்திருந்த திருவிருந்துப் புத்தகம் டிரங்குப் பெட்டியில், பைபிளுக்கு அடியில் இருக்கும். ஓரமெல்லாம் பென்சிலில் எழுதியிருப்பார். தம்பியைத் திண்ணை வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மா தூசி தட்டுகிறேன் என்று ஈரத்துணியை எடுத்துவிடப் போகிறார்கள், முதலிலேயே சொல்லிவையுங்கள்.

உங்கள் அன்பு மகன்