அந்த எட்டு வாரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஆண்டுச் சிறப்பிதழில் 2024 தமிழ் சினிமா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'இந்தியன் 2', 'கங்குவா' என்று பெரிதாக எதிர்பார்த்த படங்கள் ஏமாற்றிவிட்டன, ஆகவே இது சோர்வான ஆண்டு என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். வசூல் கணக்கில் அது சரியாக இருக்கலாம். டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் எனக்கு 2024 அப்படி இருக்கவில்லை. ஆகஸ்ட் 2 முதல் செப்டம்பர் 27 வரை, சரியாக எட்டு வாரம். 'ஜமா', 'வாழை', 'கொட்டுக்காளி', 'லப்பர் பந்து', 'மெய்யழகன்' ஐந்தும் இதற்குள் வந்துவிட்டன. ஒன்றைப் பற்றி வீட்டில் பேசி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது. இப்படி ஒரு காலம் தமிழில் அடிக்கடி வாய்ப்பதில்லை. கட்டுரையில் இதற்கு ஒரு பத்திகூட இல்லாதது வருத்தமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் முதல் இடம் 'கொட்டுக்காளி'க்கு. 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டாவது படம். வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று நம்பி, அதை ஓட்ட ஒரு சாமியாடியிடம் கூட்டிக்கொண்டு போகிறது குடும்பம். ஆட்டோவில் பெண்கள், பைக்குகளில் ஆண்கள், கூடவே கால் கட்டப்பட்ட ஒரு சேவல். கதை அவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. ஆட்டோ இரைச்சல், காற்று, பறவைகள், மனிதர்களின் பேச்சு, இவைதான் காதில் விழுகின்றன. தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் பாண்டியாக வரும் சூரி கத்திக்கொண்டே இருக்க, மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுக்க அநேகமாகப் பேசுவதே இல்லை. ஆனால் அத்தனை பேரும் பயப்படுவது அந்தப் பேசாத பெண்ணைப் பார்த்துத்தான். வழியில் ஒரு காளை மறித்து நிற்கும். மீசை வைத்த ஆண்கள் எல்லாம் தள்ளி நிற்க, ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அதைக் கூட்டிக்கொண்டு போவாள். இந்த ஒரு காட்சியில் இருக்கும் துணிச்சலை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் அரங்கில் சிலர் "அவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. முடிவை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகும் படம் நமக்குப் பழக்கமில்லாதது. ஆனால் அந்தக் கடைசி நிமிடங்களில் சூரியின் முகத்தை ஒருமுறை கவனித்துப் பார்க்கச் சொல்வேன். சாமியாடியின் முன்னால் வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் அந்தப் பாண்டி. அங்கே அவனுக்குள் ஏதோ அசைகிறது. திரும்பிப் போவானா, மீனாவை உள்ளே அனுப்புவானா என்ற கேள்வி அவனுக்கு மட்டுமானதில்லை. அந்த ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவர்களில் நம் வீட்டு மனிதர்களும் இருக்கிறார்கள்.

அதே ஆகஸ்ட் 23 அன்றுதான் மாரி செல்வராஜின் 'வாழை'யும் வந்தது. நான் தெற்கத்திக்காரி. காய் சுமக்கப் போகிறவர்களைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்தவள். பள்ளி விடுமுறை நாள் வந்தால் சந்தோஷப்பட வேண்டிய பையன், வாழைத்தார் சுமக்க வேண்டுமே என்று அழுகிறான் என்பது என்னை மிகவும் படுத்திவிட்டது. தாருக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்கிறார்கள். கொடுத்தது போலக் கொடுத்துவிட்டு, செலவை மிச்சம் பிடிக்கக் காய் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றுகிறார்கள். அதன் விலை என்ன என்பதைப் படம் பார்த்தவர்கள் அறிவார்கள். இயக்குநர் தன் சொந்தச் சிறுவயதிலிருந்து எடுத்த கதை இது. ரஜினியா கமலா என்று அந்தப் பையன் சிவனணைந்தானும் அவன் நண்பனும் போடும் சண்டை, பூங்கொடி டீச்சர் மேல் சிவனணைந்தானுக்கு இருக்கும் பிரியம், முதல் பாதியின் அந்தச் சிரிப்பெல்லாம் இருப்பதால்தான் கடைசியில் பசியோடு வந்து அவன் சோற்றில் கை வைக்கும்போது தாங்க முடிவதில்லை.

அப்புறம் 'லப்பர் பந்து'. தமிழரசன் பச்சமுத்துவுக்கு இது முதல் படம் என்று நம்புவது கடினம். மட்டை பிடிக்கும் கெத்து, பந்து வீசும் அன்பு, இருவருக்கும் நடுவில் ஒரு வாய்ச்சொல்லால் வந்த வீம்பு. அன்பு காதலிப்பதோ கெத்துவின் மகளை. இதில் வில்லன் என்று ஒருவரைத் தேட வேண்டியதே இல்லை. சாதியைக் காட்டி அன்பை அணிக்குள் விடாத இடத்திலும் படம் குரலை உயர்த்தாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறது. கெத்துவாக வரும் தினேஷ் களமிறங்கும்போது விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' படத்தின் "நீ பொட்டு வெச்ச தங்கக்குடம்" ஒலித்ததும் அரங்கமே எழுந்துவிட்டது. விஜயகாந்த் மறைந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்தது கெத்துவின் மனைவியாக வரும் சுவாசிகாவின் யசோதாவும் கீதா கைலாசத்தின் மாமியாரும். மாமியார், மருமகள் என்றாலே சண்டை என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் சினிமாவில், இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நிற்பதைப் பார்க்க எவ்வளவு நிறைவாக இருந்தது!

'மெய்யழகன்' பற்றி ஒரு ஆதங்கம். படம் வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். நீளம் என்று சொன்னவர்கள் இருக்கலாம். ஆனால் சொந்த ஊரை விட்டுப் போன அருள்மொழியும், அவரை "அத்தான், அத்தான்" என்று அழைத்து விடாமல் பேசும், பெயர்கூட நினைவுக்கு வராத அந்த உறவுக்காரனும் ஓர் இரவு முழுக்கப் பேசுவதுதானே படம்? அந்தப் பேச்சில் கை வைத்தால் என்ன மிஞ்சும்? இயக்குநர் பிரேம்குமார் கொடுத்த நேரத்தை நாம் கொடுக்கத் தயாராக இல்லை என்பது எனக்கு வலித்தது. தங்கையின் கல்யாண மேடையில் அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமி நகை கொடுக்கும் காட்சிக்கும், கமல்ஹாசன் பாடிய பாடல்களுக்கும் நான் என்றும் கடன்பட்டவள்.

'ஜமா'வில் பெண் வேடம் கட்டும் கூத்துக் கலைஞனாக, தானே இயக்கி நடித்திருந்தார் பாரி இளவழகன். அர்ஜுனன் வேடத்துக்கு ஏங்கும், கல்யாணம் என்ற அந்தக் கலைஞனை எத்தனை பேர் பார்த்தார்கள்? மார்ச்சில் வந்த 'ஜெ பேபி'யில் ஊர்வசி செய்ததைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். 'மகாராஜா' திறமையாகக் கட்டிய திரைக்கதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைத் திருப்பத்துக்காகக் கடைசிவரை மறைத்து வைப்பது எனக்கு ஒப்பவில்லை. என் பட்டியலில் அது இல்லை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரில் 'கொட்டுக்காளி'க்குக் கிடைத்தது ஒரு திரையரங்கில் சில காட்சிகள். இரண்டாம் வாரம் அது இல்லை. உங்கள் விமர்சனம் கைக்கு வந்தபோது படம் போயே போய்விட்டது. பெரிய நடிகர்களின் படத்துக்கு விமர்சனம் தாமதமானாலும் கூட்டம் வரும். இந்த மாதிரிப் படங்களுக்கு முதல் வெள்ளிக்கிழமையை ஒட்டியே பாதிப் பக்கமாவது கொடுங்கள். அந்த வாரம் எந்தெந்த ஊரில் எந்தத் திரையரங்கில் ஓடுகிறது என்ற விவரத்தையும் சேர்த்துப் போட்டால் எங்களைப் போன்ற சிறு ஊர்க்காரர்களுக்குப் பெரிய உதவி. பக்கத்து ஊராக இருந்தால் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கோவில்பட்டி