ரெஃபர் சீட்டுல ஒரு கட்டம் சேருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன மாசம் என் மச்சான் பைக்ல விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு தாலுகா ஜி.எச்.ல சேர்த்தோம், மறுநாள் 108ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. கால் முறிஞ்சு அசையாம படுத்திருக்கிறவங்களுக்கு ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஹெபாரின் ஊசி போட்டாங்களா இல்லையான்னு, அனுப்புறப்போ எழுதித் தர்ற ரெஃபர் சீட்டுல ஒரு வார்த்தை இல்ல, ஜி.எச்.லயே போட்டிருப்பாங்கன்னு பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க, பெரிய ஆஸ்பத்திரியில பார்த்துப்பாங்கன்னு ஜி.எச்.காரங்க. நாலாம் நாள் கெண்டைக்கால் வீங்கிருச்சு, ரத்த ஓட்டம் பார்க்குற டாப்ளர் ஸ்கேன்ல ரத்தக்கட்டி. நுரையீரலுக்குப் போயிருந்தா ஆளே இல்ல சார். தலையில அடி, உள்ள ரத்தக்கசிவுன்னா ஊசிய உடனே போட முடியாது, சரி, அதையாவது எழுதலாமே? அக்டோபர் 13 உலக ரத்த உறைவு தினம்னு பேனர் கட்டுறதுக்கு முன்னாடி சீட்டுல ‘கடைசி ஊசி எப்போ’ன்னு ஒரு கட்டம் அச்சடிங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்