‘சதை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். தீராத மூக்கடைப்புக்காக ஐந்தாண்டுகளுக்கு முன் அறுவை செய்துகொண்டவன் நான். அந்த அறுவைக்கு என்னை இணங்க வைத்தது ஒரே ஒரு வாக்கியம். “மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்” என்பதே அது. தமிழ்நாட்டில் மூக்கடைப்போடு உங்கள் முன் வந்து அமரும் பலரும் இதே வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். அதிலுள்ள ‘சதை’ என்ற சொல்லைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நம் பேச்சு வழக்கில் இந்தச் சொல் குறைந்தது மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறது. திராட்சைக் கொத்தைப்போல் தொங்கும் பாலிப்பும் சதைதான். குழந்தைகளின் மூக்குக்குப் பின்புறம் பெருத்து, வளர வளரச் சுருங்கிவிடும் அடினாய்டும் சதைதான். மூக்கின் பக்கச் சுவரில் பிறவியிலேயே அமைந்திருக்கும் டர்பினேட் என்னும் சுருளெலும்பின் மேலுள்ள வீக்கமும் சதைதான். முதலாவது இருக்கக் கூடாத இடத்தில் வளர்ந்தது. மூன்றாவதோ எல்லோருக்கும் இருக்க வேண்டிய உறுப்பு. எனக்கு வீங்கியிருந்தது மூன்றாவது வகை. ஆனால் ‘வளர்ந்த சதை’ என்று கேட்டவன், பாலுண்ணியை அகற்றுவதுபோல வேண்டாத ஒன்றை வெட்டியெறியப் போகிறார்கள் என்றுதான் எண்ணினேன். அப்படி எண்ணியவன் கேள்வி எதுவும் கேட்க மாட்டான். நானும் கேட்கவில்லை.

அந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நோயாளியாக நான் அதைக் கற்றுக்கொண்டது அதை இழந்த பிறகுதான். ஒரு நாளில் நாம் இழுக்கும் ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றும் இந்தச் சுருள்களின் ஈரச் சவ்வை உரசிக்கொண்டு செல்லும்போதுதான் சூடேறி, ஈரமாகி, தூசு நீங்கி நுரையீரலுக்குப் போகிறது. அவற்றிலுள்ள இரத்த நாளங்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் சுருங்குகின்றன. இடகலை (இடப்பக்க மூச்சு), பிங்கலை (வலப்பக்க மூச்சு) என்று நம் முன்னோர் சரம் பார்த்த அதே மாற்றத்தைத்தான் ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்டு கைசர் 1895இல் ‘நாசிச் சுழற்சி’யாக எழுதிவைத்தார். ஒரு நேரத்தில் ஒரு துவாரம் சற்று அடைத்திருப்பது இயல்புதான் என்பதை அறுவைக்கு முன் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், என் புகாரில் ஒரு பகுதி அங்கேயே தீர்ந்திருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மூச்சு வருகிறது என்ற உணர்வு துவாரத்தின் அகலத்தால் மட்டும் பிறப்பதில்லை; சவ்வின்மீது காற்று பட்டுக் குளிர்வதை நரம்பு உணர்வதால் பிறக்கிறது. 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே மென்தாலைக் கொண்டு கண்டறிந்த குளிர் உணரியே இந்த வேலையையும் செய்கிறது. மென்தால் கலந்த தைலம் முகர்ந்தால் மூக்கு திறந்ததுபோல் தோன்றுவதும் இதனால்தான். அப்போது உள்ளே எதுவும் திறப்பதில்லை, குளிர்ச்சி மட்டும் உணரப்படுகிறது. அப்படியானால் அந்தச் சவ்வையே பெருமளவு வெட்டி நீக்கினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை என் உடம்பில் கண்டேன். அறுவை முடிந்த முதல் சில வாரங்கள் மகிழ்ச்சியாகவே கழிந்தன. பிறகு தொண்டை வறண்டது, மூக்கினுள் பொருக்கு கட்டியது, தலைக்குள் வெறும் காற்று பாய்வதுபோல் ஆனது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை என்ற திணறலில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். மறுபரிசோதனைக்குப் போனபோது உள்நோக்கிக் கருவியின் படத்தைத் திரையில் காட்டி, “இவ்வளவு விசாலமாக இருக்கிறதே, இனி என்ன அடைப்பு? மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்” என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை அன்றுதான் முழுமையாகப் படித்தேன். வளைந்த மூக்குத்தண்டை, அதாவது இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரை, நேராக்கியதாக ஒரு வரியும், இரு பக்கக் கீழ்ச் சுருளெலும்புகளையும் வெட்டி நீக்கியதாக இன்னொரு வரியும் இருந்தன. நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் முதல் வரி மட்டுமே இருந்தது.

மூன்றாண்டுகளுக்குப் பிறகு வேறோர் ஊரில் ஒரு மருத்துவர் நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு உப்புநீரில் நனைத்த சிறு பஞ்சுத் துணுக்கை, சுருளெலும்பு இருந்த இடத்தில், பக்கச் சுவரை ஒட்டி வைத்தார். துவாரம் குறுகியது; மூச்சு வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். அடைத்தால் மூச்சு வருகிறது என்று நான் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் தாமாகவே செய்து காட்டினார். எம்ப்டி நோஸ் சிண்ட்ரோம் (வெற்று மூக்கு நோய்க்குறி) என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூஜின் கெர்ன் உள்ளிட்டோர் 1994இலேயே இந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

சுருளெலும்பைக் குறைக்கும் அறுவையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வாமையால் பல்லாண்டு அடைத்துக் கிடந்த மூக்கு இதே அறுவையால் திறந்து, நிம்மதியாகத் தூங்கும் உறவினர்கள் எனக்கு உண்டு. அதிகமாக வெட்டப்பட்ட எல்லோருக்கும் என் நிலை வருவதில்லை என்பதையும் அறிவேன். என் கேள்வி, எவ்வளவு எடுக்கிறீர்கள், எதை விட்டுவைக்கிறீர்கள் என்பதைப் பற்றியது. சவ்வைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளிருக்கும் திசுவை மட்டும் குறைக்கும் முறைகள் இன்று இருக்கின்றன: ரேடியோ அலையால் சுருக்குவது, மைக்ரோடிபிரைடர் என்னும் சுழலும் சிறு கத்தியை உள்ளே செலுத்திக் குறைப்பது, எலும்பை வெளிப்புறமாக நகர்த்தி வைப்பது. இத்தாலியில் பஸ்ஸாலி குழுவினர் 382 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஆறு விதமான அறுவைகளை ஒப்பிட்டு, 1999இல் வெளியிட்ட ஆய்வு உங்களில் பலர் படித்ததுதான். சவ்வுக்கு அடியில் உள்ளதை மட்டும் எடுத்து எலும்பை வெளிப்புறமாக நகர்த்தும் முறையே நீண்டகால நோக்கில் சிறந்தது என்பதுதான் அதன் முடிவு. அப்படியிருக்க, முழுவதையும் வெட்டும் பழக்கம் எந்த அறுவை அரங்கிலும் இன்னும் ஏன் தொடர வேண்டும்?

கத்தியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதும் பல நேரங்களில் முழுமையாக நடப்பதில்லை. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய, மூக்கை உடனே திறக்கும் சொட்டு மருந்தை நான் இரண்டு ஆண்டுகள் விடாமல் போட்டுவந்தேன். சில நாள்களுக்கு மேல் போட்டால் அந்த மருந்தே வீக்கத்தை வளர்க்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைப் போடுகிறேனா என்று யாரும் கேட்கவும் இல்லை. ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஒரு வாரம் அடித்துப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று தூக்கிப் போட்டேன். அது பலன் தர வாரக்கணக்கில் ஆகும் என்பதையும், முனையை நடுத்தண்டை நோக்கிப் பிடிக்காமல் வெளிப்புறமாகச் சாய்த்து அடிக்க வேண்டும் என்பதையும் செவிலியர் ஒருவர் இரண்டே நிமிடத்தில் செய்து காட்டியிருக்கலாம்.

ஒப்புதலைப் பற்றி ஒரு வார்த்தை. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே தெளிவாகக் கூறிவிட்டது: சிகிச்சை என்ன, அதன் நோக்கமும் பலனும் என்ன, மாற்று வழிகள் உண்டா, பெரிய அபாயங்கள் எவை என்பதை நோயாளிக்குச் சொன்ன பிறகே ஒப்புதல் செல்லும், உயிரைக் காக்கும் அவசரம் போன்ற நிலை இல்லாதபோது, ஒன்றுக்குத் தந்த ஒப்புதலைக் கொண்டு இன்னொன்றைச் செய்யக் கூடாது. மூக்குத்தண்டுக்குத் தந்த கையெழுத்து சுருளெலும்புக்குச் செல்லாது என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியுமா? எனவே படிவத்தில் சுருளெலும்பு தனி வரியாக இருக்கட்டும். எந்த முறையில், எவ்வளவு குறைக்கப்படும் என்பதும் இருக்கட்டும். அது தமிழில் இருக்கட்டும். அறுவை நாளன்று காலையில், பட்டினியோடும் பயத்தோடும் படுத்திருப்பவரிடம் நீட்டாமல், முந்தைய சந்திப்பிலேயே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

அறுவைக்குப் பிறகு என்போல் திரும்பி வருபவரை முதலில் நம்புங்கள். வறட்சியும் திணறலும் தூக்கமின்மையும் சேர்ந்தால் மனமும் நொறுங்கத்தான் செய்யும்; அதனாலேயே நோய் மனதில்தான் இருக்கிறது என்று ஆகிவிடாது. பஞ்சைக் கொண்டு செய்யும் அந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. உப்புநீர்க் கழுவல், ஈரம் காக்கும் களிம்பு, சிலருக்குப் பக்கச் சுவரில் குருத்தெலும்பு வைத்து இடத்தைக் குறுக்கும் அறுவை எனச் செய்யக்கூடியவை இருக்கின்றன. எனக்கு உப்புநீரும் களிம்பும் பாதி இரவுகளை மீட்டுத் தந்துள்ளன.

என் அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. அவனிடமும் சென்ற வாரம், “சதை வளர்ந்திருக்கிறது” என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவனோடு நானும் வருவேன். அது எந்தச் சதை, அதில் எவ்வளவு எடுப்பீர்கள், மேலுள்ள சவ்வு மிஞ்சுமா, ஸ்பிரேயை இரண்டு மாதம் சரியாக அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா என்று அவன் கேட்பான். உங்களில் யார் அந்த மேசைக்கு அப்புறம் அமர்ந்திருந்தாலும், அவனுக்குப் புரியும் தமிழில், அவசரப்படாமல் விடை சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூக்கடைப்புக்கு அறுவை செய்துகொண்ட ஒரு நோயாளி